ஆறு ஆலிஸ்

வேம்பு சாரிடம் போய், "சந்திரமௌலி காலமாயிட்டாராம்" என்று சொன்னால் அவர் உச்சுக் கொட்ட மாட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எந்த சந்திரமௌலி? இனிஷியல் சொல்லு" என்பார். இனிஷியல் தெரியாமல் துக்கச் செய்தி கொண்டுவருகிறவனை அவர் ஒரு மனிதனாகவே மதித்ததில்லை.

அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஒரு நாளிதழில் முப்பத்தாறு வருடம் கட்டிங் செக்ஷனைக் கட்டி ஆண்டவர் அவர். பத்திரிகைகளில் வருகிற செய்திகளைக் கத்தரித்து, ஆளுக்கு ஒரு பழுப்பு உறை என்று போட்டுவைக்கும் இடத்துக்குத்தான் அந்தப் பெயர். கம்ப்யூட்டர் வராத காலத்தில் நாளைய பேப்பரில் ஒருவரைப் பற்றி நாலு வரி எழுத வேண்டுமென்றால், இன்றைக்கு வேம்பு சார் அவருடைய உறையை எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு.

இந்த ஊரிலோ பெயருக்குப் பஞ்சம், ஆளுக்குப் பஞ்சமில்லை. கபாலி கோயில் வாசலில் நின்று "சந்திரமௌலி!" என்று குரல் கொடுத்தால் ஒன்பது தலை திரும்பும். அதில் பேப்பரில் பெயர் வருகிறவர்கள் மட்டுமே நாலு பேர். ஒருவர் ஐகோர்ட் நீதிபதி, ஒருவர் கடம் வாசிப்பவர், ஒருவர் கிரிக்கெட் அம்பயர், ஒருவர் பாம்புக்கடி டாக்டர். ஒரு சபாவில் ஓய்வுபெற்ற நீதிபதிக்குப் பொன்னாடை போர்த்திய செயலாளர், "இவர் கை பட்டால் விஷம் இறங்கிவிடும்" என்று புகழ்ந்து தள்ளினார். நீதிபதி அதைத் தன் தீர்ப்புகளுக்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்துக் கைகூப்பினார். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த வேம்பு சாருக்கு மட்டும்தான் குட்டு தெரியும். அன்று இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு.

"ரெண்டு மனுஷாளை ஒண்ணாப் போட்டுக் குழப்பறது கொலைக்குச் சமானம்டா" என்பார். தன் கையால் ஒரு தடவைகூட அப்படி நடந்ததில்லை என்பதில் அவருக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அப்பப்பா, அதைச் சுமக்க இரண்டு ஆள் வேண்டும்.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது, பழைய உறைகளைத் தூக்கிப் போடலாம் என்று ஆபீசில் முடிவானபோது, பதினோரு மூட்டைகளை மயிலாப்பூர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். "ஆத்துல நான் இருக்கணும், இல்லே இந்த மூட்டை இருக்கணும்" என்று மனைவி அன்றைக்கே சொல்லிவிட்டாள். பத்து வருடமாக இரண்டும் இருக்கின்றன.

இப்போது அவருக்கு எழுபத்தொன்று. மாடியில் குடியிருக்கும் ஸ்நேஹா, சென்னையில் பெயர் வாங்கியவர்களைப் பற்றி ஒரு இணையதளம் நடத்துகிறாள். ஒரு பெயரைத் தட்டினால் அந்தப் பெயரில் எத்தனை பிரபலங்கள் இருந்தார்கள், யார் யார் எவர் எவர் என்று ஒரே பக்கத்தில் வர வேண்டும் என்பது அவள் ஆசை. "மாமா, உங்களைத் தவிர இதைப் பண்ண ஆளே கிடையாது" என்று ஒரு வார்த்தை சொன்னாள். சும்மா கிடந்த சங்கை ஊதிவிட்ட மாதிரி ஆயிற்று. சந்திரமௌலி பக்கம் ஒரே நாளில் முடிந்தது. பிரகாசம் எட்டுப் பேர், மூன்று நாள். சுந்தரராமன் பதின்மூன்று பேர்.

எழுத எழுத அவருக்கே மலைப்பாக இருந்தது. ஒரே பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் பாலம் கட்டியிருக்கிறார், ஒருவர் பட்டினி கிடந்து போராடியிருக்கிறார், ஒருவர் வானத்தில் ஏதோ நட்சத்திரக் கூட்டத்தை நாற்பது வருடம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். பெற்றவர்கள் தொட்டிலில் போட்டுக் கூப்பிட்டது என்னவோ ஒரே பெயர்தான். பகவானே, எப்படி எப்படியெல்லாம் ஆகியிருக்கிறார்கள் என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியிடம் வியந்துகொண்டே இருப்பார். மோர் விட்டுக்கொள்ள மறந்துவிடுவார்.

அப்படித்தான் ஆலிஸ் வந்தாள்.

ஆலிஸ் ஆறு பேர். டாக்டர் டி. ஆலிஸ், தொழுநோயாளிகளுக்காக வாழ்ந்தவர். எம். ஆலிஸ், மாநகராட்சி கவுன்சிலர். எஸ். ஆலிஸ், நாடக நடிகை. இந்த மூவரும் இறந்துவிட்டார்கள், சிக்கலில்லை. நாலாவது எஃப். ஆலிஸ், எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரி. 1971இல் வெறுங்காலோடு ஓடி மாநிலச் சாதனை படைத்தவள், இரண்டே வருடத்தில் செய்திகளிலிருந்து காணாமல் போனாள். ஐந்தாவது பி. ஆலிஸ், டெலிபோன் ஆபரேட்டர். எழுபதுகளின் கடைசியில் ஒரு புயல் அடித்தபோது, எக்ஸ்சேஞ்சுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்க, முப்பத்தொரு மணி நேரம் போர்டை விட்டு எழுந்திருக்காமல் கடலோர ஊர்களுக்கு இணைப்புக் கொடுத்துக்கொண்டே இருந்தவள். அவள் பேச்சும் அதோடு சரி. ஆறாவது சாந்தோம் ஆலிஸ் டீச்சர். இனிஷியல் கிடையாது. காது கேளாத குழந்தைகளுக்குப் பேசக் கற்றுத்தருகிறவர். அவருக்கே காது கேட்காது. ஐநூறு பிள்ளைகளுக்கு மேல் அவரிடம் வாய் திறந்திருக்கிறார்கள் என்று போன வருடம்கூட ஒரு செய்தி வந்திருந்தது.

"மாமா, ஆலிஸ் டீச்சர் இருக்காங்கல்ல? புதுசா ஒரு போட்டோ வேணும்" என்றாள் ஸ்நேஹா. கச்சேரி ரோட்டில் இறங்கி நடந்தால் சாந்தோம் கால் மணி நேரம். வேம்பு சார் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓட்டு வீடு. சாயங்கால வகுப்பு முடிகிற நேரம். ஒரு சின்னப் பெண் டீச்சரின் தொண்டையில் கையை வைத்து, அந்த அதிர்வைத் தன் தொண்டையில் கொண்டுவரப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ம்...மா" என்று வந்தது. மறுபடி "ம்மா" என்று வந்தது. வாசலில் நின்றிருந்த அவள் தாய் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பிள்ளைக்கு ஐந்து வயது. அம்மா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். வேம்பு சாருக்கு மயிர்க்கூச்செறிந்தது. செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே நின்றுவிட்டார்.

எல்லோரும் போன பிறகு டீச்சர் நாற்காலியைக் காட்டினார். எழுபத்து மூன்று வயதென்று சொல்ல முடியாது. நெட்டையான உடம்பு, நிமிர்ந்த முதுகு. பேசும்போது இரண்டு விரலைத் தொண்டையில் வைத்துக் குரலின் அளவைச் சரிபார்த்துக்கொண்டார். "என் முகத்தைப் பார்த்துப் பேசுங்க. சத்தம் வேண்டாம், உதடு போதும். நான் படிச்சுக்குவேன்."

வேம்பு சார் வந்த விஷயத்தைச் சொல்லி, அச்சடித்துக் கொண்டுவந்த ஆலிஸ் பக்கத்தை நீட்டினார். "பாருங்கோ, உங்க பேர்ல எத்தனை பெரியவா!"

டீச்சர் நிதானமாகப் படித்தார். பக்கத்திலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தார். நாலு, ஐந்து, ஆறு ஆகிய எண்களை ஓரத்தில் ஒரே வளைவாகச் சேர்த்துக் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த மூணும் நான்தான்."

வேம்பு சார் சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது, வந்துவிட்டது. "இருக்காதும்மா. இது எஃப், இது பி. எனக்கு முப்பத்தாறு வருஷம் இதுதான் வேலை."

"எங்க அப்பா பேர் ஃபிரெட்ரிக். வீட்டுக்காரர் பேர் பிரகாசம். ஓடினதுனால ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல டெலிபோன்ஸ்ல வேலை கிடைச்சுது. வேலையில சேர்ந்தப்பறம் கல்யாணம். கல்யாணம் ஆனா பொம்பளைக்கு இனிஷியல் மாறும்ல? அப்பறம் ஒரு காய்ச்சல் வந்து ரெண்டு காதும் போச்சு. ஆபரேட்டருக்குக் காது இல்லன்னா என்ன வேலை? உதட்டைப் படிக்கக் கத்துக்கிட்டு இதை ஆரம்பிச்சேன். பிள்ளைங்க டீச்சர்னு கூப்பிட்டுச்சு, இனிஷியலே தேவைப்படல."

வேம்பு சார் பிரித்துவைத்த ஆயிரம் உறைகளில் தொள்ளாயிரம் ஆண்களுடையவை. ஆணுக்குப் பிறந்த அன்றைக்கு ஒட்டிய எழுத்து சுடுகாடு வரை வரும். அதையே அளவுகோலாக வைத்து அத்தனை பேரையும் அளந்திருக்கிறார். தன் வீட்டிலேயே ஒருத்தி என்.இலிருந்து வி.க்கு மாறி நாற்பத்தைந்து வருடம் தோசை வார்த்துக்கொண்டிருப்பது அவர் புத்தியில் உறைக்கவே இல்லை.

ஆனாலும் தொழில் புத்தி விடுமா? எஃப். ஆலிஸ் உறையில் ஒரு போட்டோ உண்டு. எந்தப் பேப்பரிலும் அச்சாகாதது. எடுத்த போட்டோகிராபர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அதைப் பார்த்த இன்னொருவர் வேம்பு சார் மட்டும்தான். அவர் முகத்தை நேராகக் காட்டிக் கேட்டார். "அன்னிக்கு ஓடறச்சே உங்க கால்ல என்ன கட்டிண்டிருந்தேள்?"

டீச்சர் குனிந்து இடது காலின் கட்டைவிரலைத் தொட்டார். "அப்பாவோட கைக்குட்டை. முந்தின நாள் பீச்சுல கண்ணாடி குத்திருச்சு. கட்டம் போட்ட கைக்குட்டை. ரெண்டாவது ரவுண்டுல அவிழ்ந்து வால் மாதிரி பறந்துச்சு. இது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

அதேதான். கறுப்பு வெள்ளையில், கட்டம் போட்ட துணி, வால் மாதிரி.

அம்மாடி! குத்துப்பட்ட காலோடு ஓடிய பத்தொன்பது வயதுப் பெண், தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்து ஊர் ஊராகக் கூப்பிட்ட ஆபரேட்டர், சற்று முன்பு ஒரு குழந்தையின் தொண்டையிலிருந்து அம்மாவை எடுத்துக் கொடுத்த டீச்சர். மூன்று பேரையும் வேம்பு சார் தனித்தனியாக வியந்து தனித்தனியாக மூடிவைத்திருந்தார். இப்படி ஒரு மனுஷி கால் மணி நேர நடையில் இருந்திருக்கிறாள், நான் குடையைப் பிடித்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறேனே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"இதை ஏம்மா இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லலே?"

"சொன்னேனே" என்றார் டீச்சர். "எண்பத்தொன்பதுல ஒரு பேப்பர்காரப் பொண்ணு வந்து கேட்டுது, சொன்னேன். ஞாயித்துக்கிழமை போட்டாங்க. அடுத்த வாரமே அந்த ஆலிஸ் வேற, இந்த ஆலிஸ் வேற, தவறான தகவலுக்கு வருந்துகிறோம்னு போட்டுட்டாங்க. நான் பொய் சொல்லிப் பேர் வாங்கினதா ஆயிருச்சு. எனக்குக் காது போயி அப்ப ரெண்டு மூணு வருஷம். என் பொண்ணு ஜெசிகாவைக் கூட்டிட்டு ஆபீசுக்குப் போனேன், அவதான் எனக்குக் காது. பன்னிரண்டு வயசு. கீழ ரிசப்ஷன்ல சர்டிபிகேட்டைக் காட்டினேன். இது எஃப் ஆலிஸாச்சே, நீங்க பி ஆலிஸ் இல்லையான்னு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு எனக்குக் கேக்கல. அவளுக்குக் கேட்டுச்சு."

பள்ளிக்கூடத்தில் ஜெசிகாவைப் 'பொய்க்கார டீச்சர் பொண்ணு' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு நாள் அழுதுகொண்டே வந்து, இனிமேல் ஓடினதாக யாரிடமும் சொல்லக் கூடாது என்று மாதா படத்தின் மேல் அம்மாவிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். முப்பத்தாறு வருடமாக அந்த வீட்டில் ஓட்டம் என்கிற பேச்சே கிடையாது. "இன்னிக்கு உங்க பேப்பரைப் பார்த்ததும் கை சும்மா இருக்கல. சத்தியத்தை மீறிட்டேன்" என்று டீச்சர் சங்கடமாகச் சிரித்தார்.

வேம்பு சார் மனசுக்குள் கணக்குப் போட்டார். எண்பத்தொன்பது. ஆகஸ்ட். "வேம்பு, இந்த ரெண்டு ஆலிஸும் ஒண்ணா?" என்று ஆசிரியர் இன்டர்காமில் கேட்டார். வேம்பு மாடியில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. உறைகளின் மேல் எழுதியிருந்ததைப் பார்த்தார். "வேற வேற சார்" என்றார். அந்த நாலு வரி விளக்கத்தையும் அவரே எழுதிக் கொடுத்தார். அன்று மத்தியானம் கேன்டீனில் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டதுகூட ஞாபகம் வந்தது.

எழுந்து ஜன்னலோரம் போய் ஸ்நேஹாவுக்குப் போன் போட்டார். "ஸ்நேஹா, பக்கத்தை ஏத்திடாதே. பெரிய தப்பு நடந்துபோச்சு. இவா மூணு பேரும் ஒருத்தர்தான். வேற வேறன்னு எழுதினவனே நான்தான்மா. அது இந்தம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். டீச்சர் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுபோச்சே" என்றார்.

பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று இருந்தது வேம்பு சாருக்கு. எழுபத்தொரு வயதில் திருட்டுப் பூனை மாதிரி அகப்பட்டுக்கொண்டு நின்றார். டீச்சர் கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. அவர் அமைதியாகக் கேட்டார். "அன்னிக்கு நாங்க வந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"மாடியில."

"நாங்க கீழதான் நின்னோம். ஒரு மணி நேரம்."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வேம்பு சார் குடித்துவிட்டு, எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமே என்று கேட்டார். "பதக்கத்தையாவது கொண்டுவந்து காட்டியிருக்கலாமேம்மா? ரிசப்ஷன்காரன் வாயை மூடிண்டிருப்பானே?"

"வேளாங்கண்ணியில இருக்கு எல்லாம்." டீச்சர் தொண்டையிலிருந்து விரலை எடுத்துவிட்டார். குரல் மிகவும் தாழ்ந்து வந்தது. "ஜெசிகா பொறந்தப்ப மூச்சு வரல. நீலம் பூத்துக் கெடந்தா. பொழைச்சா என் பதக்கம் அத்தனையும் மாதாவுக்குன்னு வேண்டிக்கிட்டேன். குழந்தை அழுதுச்சு. கொண்டுபோய்ப் போட்டுட்டேன்."

"இது ஜெசிகாவுக்குத் தெரியுமா?"

"எங்க பதக்கம், எங்க பதக்கம்னு கேட்டுக் கேட்டு அழுதா. எப்படிங்க சொல்றது? தன்னாலதான் மம்மி கையில ஆதாரம் இல்லன்னு நினைக்கும் அந்தப் பிள்ளை. அதுக்கு மம்மி பொய்க்காரியாவே இருந்துட்டுப் போகட்டும்."

வேம்பு சார் கைகூப்பினார். கோயிலில்கூட அவர் அப்படிக் கும்பிட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து ஜெசிகா உள்ளே வந்தாள். தி. நகரில் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை, நாற்பத்தெட்டு வயது. மேசையில் கிடந்த தாளையும் சிவப்புக் கோட்டையும் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. அம்மா பக்கம் திரும்பி, "மம்மி, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்றாள். கோபமில்லை, அலுப்புதான். பிறகு வேம்பு சாரிடம் குரலைத் தாழ்த்தி, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. வயசாயிருச்சு. இதை மட்டும் எழுதிடாதீங்க, மறுபடி ஒரு தடவை எங்களால தாங்க முடியாது" என்றாள்.

"அவா சொன்னது நிஜம்மா. அந்த விளக்கத்தை எழுதின பாவி நான்தான். என்கிட்ட போட்டோ இருக்கு..."

"பாவம் பார்த்துச் சொல்றீங்க." ஜெசிகா தாளைத் திருப்பி நீட்டினாள். "இவங்களைப் பார்த்தா எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். எனக்கு என்ன, நம்பக் கூடாதுன்னு ஆசையா? பேப்பர்ல அசிங்கப்படுத்தினதுக்குப் பேப்பர்லயே பதில் வரட்டும் சார். அன்னிக்கு நான் நம்பறேன்."

டீச்சர் மகளின் உதட்டைப் பார்த்தார், வேம்பு சாரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். உதட்டைப் படிக்கிறவர் தரையைப் பார்த்தால் காதைப் பொத்திக்கொண்டதாக அர்த்தம்.

வேம்பு சார் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் மூட்டைகளைப் பிரித்தார். போட்டோ கிடைத்தது. பி. ஆலிஸ் உறையில் அந்தப் புயல் செய்தியும் கிடைத்தது. உறைக்குள் அடங்கவில்லை என்று கடைசிப் பத்தியைப் பின்னால் மடித்து வைத்திருந்தார். இத்தனை வருடத்தில் அந்த மடிப்பை அவர் பிரித்ததே இல்லை. இப்போது பிரித்தார். 'ஓட்டப்பந்தயத்தில் மாநிலச் சாதனை படைத்த இவர், திருமணத்துக்கு முன் எஃப். ஆலிஸ் என்று அறியப்பட்டவர்' என்று இருந்தது. அவர் கையால் கத்தரித்தது, அவர் கையால் மடித்தது. மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். மூட்டைக்காகப் பத்து வருடம் சண்டை போட்ட மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் பழைய ஆபீசுக்குப் போனார். இப்போது ஆசிரியராக இருப்பவர் ஜவஹர், அன்றைக்கு ஐந்தாம் கிளாஸ் படித்துக்கொண்டிருந்திருப்பார். "முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தின விளக்கத்துக்கு இப்ப விளக்கமா? யாருக்கு சார் ஞாபகம் இருக்கப் போகுது?" என்றார். "ஒரு வீட்டுல ஞாபகம் இருக்கு" என்றார் வேம்பு சார். யோசிக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாளும் போனார். மூன்றாம் நாள் வாசல் காவலாளியே கேட்டுவிட்டான்: "இன்னா சார், டெய்லி வந்துக்கினு கீற, யார்னா பாக்கணுமா?"

"ஆமாம்ப்பா. இன்னிக்குப் பார்க்காமப் போறதா இல்லே" என்று ரிசப்ஷனிலேயே நின்றார். அந்த அம்மா நின்ற இடம் எதுவாக இருக்கும் என்று பார்த்துப் பார்த்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். ஒரு மணி நேரம் கழித்து ஜவஹரே இறங்கி வந்தார். வேம்பு சார் எல்லாவற்றையும் சொன்னார், போட்டோவைக் காட்டினார், மடிப்பைப் பிரித்துக் காட்டினார். வேளாங்கண்ணியை மட்டும் சொல்லவில்லை. அது அவர் சொல்ல வேண்டிய விஷயமில்லை. ஜவஹர் இரண்டு தடவை படித்துவிட்டு, "என்ன சார் இது, ஒரே ஆளா!" என்று அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

வாசகத்தை எழுதும்போது மறுபடி சண்டை. விளக்கத்தில் ஊழியர் பெயர் போடுவது வழக்கமில்லை என்றார் ஜவஹர். "என் பேரைப் போட்டே ஆகணும்" என்றார் வேம்பு சார். ஒரு வரி அதிகமாக இருக்கிறது, வெட்டிவிடலாமா என்று கேட்டார்கள். "என்னை வெட்டினாலும் சரி, அந்த வரி இருக்கணும்."

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பேப்பரோடு சாந்தோமில் நின்றார். ஜெசிகா வாசலில் பால் பாக்கெட்டை எடுக்க வந்தாள். அவர் ஐந்தாம் பக்கத்தைப் பிரித்து நீட்டினார். அவள் நின்ற இடத்திலேயே படித்தாள். பால் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படித்தாள். விறுவிறுவென்று உள்ளே போனாள்.

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தார். ஜெசிகா எதிரே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அம்மாவின் மோவாயைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். வாசித்தாள்.

"1989 ஆகஸ்டில் இந்த நாளிதழ் வெளியிட்ட விளக்கம் தவறானது. ஓட்டப்பந்தய வீராங்கனை எஃப். ஆலிஸ், டெலிபோன் ஆபரேட்டர் பி. ஆலிஸ், சாந்தோம் ஆலிஸ் டீச்சர் மூவரும் ஒருவரே. விசாரிக்காமல் அந்த விளக்கத்தை எழுதியவர் அப்போது எங்கள் ஊழியராக இருந்த வேம்பு. அவரும் நாங்களும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். ஆலிஸ்..."

அங்கே ஜெசிகாவுக்குக் குரல் நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. கதவோரம் நின்ற வேம்பு சாருக்கு ஒன்றும் கேட்கவில்லை. டீச்சருக்கு அது போதுமானதாக இருந்தது. சீப்பைப் பிடித்திருந்த கை மெல்ல மடியில் இறங்கியது.

"கடைசி வரி சரியாத் தெரியல. இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

ஜெசிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேப்பரைப் பார்க்காமலே சொன்னாள். "மம்மி உண்மையைத்தான் சொன்னாங்க."

"இன்னொரு தடவை."

ஜெசிகா சொன்னாள்.